மார்ச் மாதமே பொறி வைக்கலாமா? வசந்தத் தொடக்கத்தில் அந்துப்பூச்சிகளும் பறவைகளும்

ஓக்மரத்தடி

அந்துப்பூச்சிப் பொறியை (விளக்கால் பூச்சியை வரவழைத்து உயிரோடு பிடித்து, பார்த்தபின் விட்டுவிடும் பெட்டி) மே மாதம் வெளியே எடுத்தால் போதும், அதுவரை பைனாகுலரோடு பறவை பார்க்கலாம் என்று இங்கே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதனால் இதைத் தனி இழையாகவே தொடங்குகிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்பகுதியில். இங்கே மார்ச் மாதம் விளக்கைப் போட்டால் வரும் பூச்சிகள் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்போது வருபவை கோடையில் வராதவை. காமன் க்வேக்கர், ஸ்மால் க்வேக்கர், ஹீப்ரூ கேரக்டர், கிளவுடட் டிராப், ட்வின்-ஸ்பாட்டட் க்வேக்கர் ஆகிய எல்லாமே நெருங்கிய உறவுள்ள அந்துப்பூச்சிகள். இவற்றின் புழுக்கள் கோடையிலேயே மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். இலையுதிர் காலத்துக்குள் கூட்டுக்குள்ளேயே முழுப் பூச்சியாக உருவாகி, குளிர்காலம் முழுக்க அப்படியே கிடக்கும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ குளிர் சற்று விட்ட இரவு ஒன்று வந்தால் போதும், கிளம்பிவிடும். அதே சமயத்தில்தான் வில்லோ மரங்கள் பூத்திருக்கும். டார்ச்சை எடுத்துக்கொண்டு இருட்டில் ஒரு வில்லோவின் அடியில் நின்று மேலே பாருங்கள், பூவுக்குப் பூ இவை தேன் குடித்துக்கொண்டிருக்கும். மே மாதம் பொறியை எடுப்பவருக்கு இந்தக் கூட்டம் கண்ணிலேயே படாது.

பறவைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பொறியைத் திறந்து பார்க்கும் விடியல் வேளையில்தான் மார்ச் நடுவில் முதல் சிஃப்சாஃப் என்ற சிறு வலசைப் பறவை பாடுவதும் காதில் விழும். ராத்திரி பூச்சியைக் கிளப்பிவிட்ட அதே தென்காற்றுதான் அந்தப் பறவையையும் கொண்டுவந்து சேர்த்திருக்கும். தென்கடற்கரையில் உள்ள போர்ட்லண்ட், டஞ்சனெஸ் பறவை ஆய்வகங்களில் பறவைகளுக்கு வளையம் மாட்டும் இடத்திலேயே பொறியும் எரிகிறது. இரண்டையும் தனித்தனிப் பருவமாகப் பிரிக்க எனக்கு மனம் வரவில்லை.

புதுப்பறவை

வணக்கம் அண்ணா. பறவை மட்டும்தான் இதுவரை பார்த்திருக்கிறேன், பொறி எனக்குப் புதிது. மூன்று சந்தேகம். எந்த மாதிரி இரவில் வைக்க வேண்டும்? எந்தப் பொறி? இந்த க்வேக்கர்கள் எல்லாம் படத்தில் ஒரே மாதிரி இருக்கின்றனவே, எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வாசல்விளக்கு

அண்ணா வரும்வரை நான் சொல்கிறேன் தம்பி.

முதலில் இரவு. மார்ச்சில் மாதக் காலண்டரைப் பார்க்காதீர்கள், வானத்தைப் பாருங்கள். மேகம் மூடியிருக்க வேண்டும், காற்று அதிகம் இருக்கக் கூடாது, நிலா இல்லாவிட்டால் இன்னும் நல்லது. அந்தி சாயும்போது 8 டிகிரிக்கு மேல் இருந்தால் நம்பி வைக்கலாம். தெளிந்த வானமும் உறைபனியும் இருக்கும் இரவில் விளக்கை எரிப்பதில் பயனில்லை. தூறல் நல்லதே, ஆனால் பல்புக்கு மேல் மழை மறைப்பு கட்டாயம்.

இந்தப் பூச்சிகள் குளிரில் எப்படிப் பறக்கின்றன என்பது தெரிந்தால் உங்களுக்கு ஆர்வம் கூடும். க்வேக்கர் வகையின் மார்பு முழுக்கக் கம்பளி போட்டது போல மயிர் அடர்ந்திருக்கும். பறக்கும் முன் இறக்கைத் தசைகளை நடுங்கவைத்தே உடம்பைச் சூடேற்றும். வெளியே உறைநிலையை ஒட்டிய குளிர் இருந்தாலும் மார்புத் தசை மட்டும் 30 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். பெர்ன்ட் ஹைன்ரிக் என்ற உயிரியலாளர் 1980களில் வட அமெரிக்காவின் குளிர்கால அந்துப்பூச்சிகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். குளிர்காலத்தில் பறக்கும் விண்டர் மாத் என்ற அந்துப்பூச்சி நேரெதிர். உடம்பு மெலிசு, இறக்கை அகலம். சூடேற்றாமலே மெதுவாகச் சிறகடித்துக் குளிரில் பறக்கும். ஒரே குளிரைச் சமாளிக்க இரண்டு தனி வழிகள். க்வேக்கரைக் கையில் வைத்துப் பார்க்கும்போது அந்த நடுக்கம் விரலில் தெரியும். எனக்கு இதில் இன்னும் அலுப்பு வரவில்லை.

பொறிகளில் ராபின்சன்தான் பெரியது. 1950இல் ராபின்சன் சகோதரர்கள் வடிவமைத்தது, வழக்கமாக 125 வாட் மெர்க்குரி பல்பு போடுவார்கள். உள்ளே போன பூச்சி எளிதில் வெளியே வராது. ஸ்கின்னர் என்பது மரப்பெட்டிக்கு மேல் இரண்டு சரிவுத் தகடு வைத்தது. பூச்சி சில தப்பிவிடும், ஆனால் விளக்கு எரியும்போதே உள்ளே எட்டிப் பார்க்கலாம். ஹீத் பொறி சிறியது, பிரித்துப் பையில் போடலாம், பேட்டரியில் ஓடும். பொது விளக்குக்கான மெர்க்குரி பல்புகள் ஐரோப்பியச் சந்தையிலிருந்து 2015 முதல் விலக்கப்பட்டுவிட்டதால் புதிதாகத் தொடங்குபவர் ஆக்டினிக் எனப்படும், புறஊதா கலந்த ஒளி தரும் குழல் விளக்கோ எல்இடியோ வாங்குவதே சரி. பக்கத்து வீட்டுக்காரருக்கும் கண் கூசாது. எதுவானாலும் புறஊதா விளக்கை நேராக உற்றுப் பார்க்க வேண்டாம்.

உள்ளே காகித முட்டை அட்டைகளை அடுக்குங்கள். பூச்சிகள் அந்தக் குழிகளில் ஒண்டிக்கொண்டு காலைவரை அமைதியாக இருக்கும்.

ஓக்மரத்தடி

நன்றி அக்கா. அடையாளம் பற்றி நான் சொல்லிவிடுகிறேன்.

ஹீப்ரூ கேரக்டரில் குழப்பமே வராது. முன்னிறக்கையின் நடுவில் கருப்பாக ஒரு கவட்டை போன்ற குறி, வட்டப் புள்ளியைச் சுற்றி வளைந்திருக்கும். காமன் க்வேக்கரில் வட்டக் குறியும் சிறுநீரக வடிவக் குறியும் பெரிதாக, வெளிர்க் கோட்டால் வரைந்தது போல இருக்கும். ஸ்மால் க்வேக்கர் அளவிலேயே தெரிந்துவிடும். ட்வின்-ஸ்பாட்டட் வகையில் இறக்கையின் வெளிவிளிம்பை ஒட்டி அடுத்தடுத்து இரண்டு கரும்புள்ளி. சிக்கல் தருவது கிளவுடட் டிராப். சாம்பல், செம்பழுப்பு, கிட்டத்தட்டக் கருப்பு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். இதோடு ஓக் பியூட்டி ஒன்று வந்து உட்கார்ந்தால் அன்றைக்குக் காலை வேறு எதுவும் வேண்டாம். வெள்ளையில் கரும்புள்ளி தூவி, குறுக்கே அகலமான பழுப்புப் பட்டை. ஓக் மரப்பட்டையில் வைத்தால் கண் எடுத்த இடத்தில் திரும்பக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

பொறிக்கு வரவே வராத பெண் பூச்சிகளும் உண்டு, அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்ச் மாத், பேல் பிரிண்டில்ட் பியூட்டி, டாட்டட் பார்டர் ஆகியவற்றின் பெண்ணுக்குப் பறக்கும் இறக்கை கிடையாது. வெறும் உடம்பு, அல்லது முளை போன்ற குட்டி இறக்கை. மண்ணிலிருந்து வெளிவந்து மரத்தில் ஏறி, வாசனையை விட்டு ஆணை வரவழைக்கும். குளிரில் பறக்கச் செலவாகும் சக்தி முழுவதும் முட்டைக்குப் போகிறது. இருட்டிய பின் டார்ச்சோடு ஓக் மரத்தண்டுகளைச் சுற்றிப் பார்த்தால்தான் இவை கிடைக்கும். விளக்குப் பொறியை மட்டும் நம்பினால் இந்த இனங்களில் ஆண்கள் மட்டுமே இருப்பது போலத் தோன்றும்.

பகலிலும் வேலை இருக்கிறது. மார்ச் கடைசியில் வெயில் அடிக்கும் நாளில் பிர்ச் மர உச்சியைப் பைனாகுலரால் பாருங்கள், ஆரஞ்சு அண்டர்விங் பறந்துகொண்டிருக்கும். அந்துப்பூச்சியைப் பைனாகுலரால் தேடுவது பறவைக்காரருக்குப் பழகிய வேலைதானே. ஏப்ரலில் புதர்வெளிகளில் எம்பரர் மாத் ஆண் வெயிலில் வேகமாகப் பறக்கும்.

கழிமுகம்

நான் பறவைக்காரன். எதிர்க்கருத்தை நேராகவே சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

கூட்டுக்குள் அரை வருடம் காத்திருந்து வெளிவரும் பூச்சிக்கு வாழ்நாளே சில வாரம்தான். அதில் ஓர் இரவைப் பெட்டிக்குள் அடைத்துவைத்தால் அன்றைக்கு அது இணை தேடவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. போதாததற்கு, காலையில் பொறியைச் சுற்றி ராபினும் ரென்னும் காத்திருப்பதை நானே என் நண்பரின் தோட்டத்தில் பார்த்திருக்கிறேன். மார்ச்சில் குளிராக இருப்பதால் விடுவிக்கும் பூச்சி உடனே பறக்கவும் முடியாது. பறவைக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பது போல ஆகிறது. நமக்குப் பார்க்கும் மகிழ்ச்சி, அதற்கு உயிர். வில்லோ பூவை டார்ச் அடித்துப் பார்த்தாலே போதாதா?

வாசல்விளக்கு

கழிமுகம் கேட்டது நியாயமான கேள்வி. அதை ஒதுக்கிவிட்டுப் பொறி வைக்கக் கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

விளக்கைப் பூச்சி விரும்பி வருவதில்லை என்பது இப்போது நன்றாகத் தெரிகிறது. 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வில் அதிவேகக் கேமராவால் படம்பிடித்துக் காட்டினார்கள். பறக்கும் பூச்சி எப்போதும் தன் முதுகை வெளிச்சம் இருக்கும் பக்கம் திருப்புகிறது. இயற்கையில் வானம்தான் வெளிச்சம், அதனால் அது நிமிர்ந்து பறக்கிறது. விளக்குக்குப் பக்கத்தில் வந்ததும் மேல் எது கீழ் எது என்பது கெட்டு அதையே சுற்றிவருகிறது. ஆகவே விளக்கு போடுகிற நாம் அதைத் தடுமாறவைக்கிறோம் என்பது உண்மை. அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டுதான் பொறி வைக்க வேண்டும்.

நான் கடைப்பிடிப்பது இது. ஒரே இடத்தில் அடுத்தடுத்த இரவு விளக்கு எரிய விடமாட்டேன். விடியும் முன் எழுந்து பொறியைத் துணியால் மூடிவிடுவேன், பறவை விழிக்கும்போது பெட்டி மூடியிருக்கும். எண்ணி முடித்ததும் முட்டை அட்டையோடு நிழலுக்கு எடுத்துப்போய், அந்தியில் அடர்ந்த வேலிப் புதருக்குள் விடுவேன், ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம். ராபின் புத்திசாலி, எங்கே கிடைக்கும் என்று ஓரிரு நாளில் கற்றுக்கொள்ளும்.

பொறி ஏன் வேண்டும் என்பதற்கு என் பதில் ரோதாம்ஸ்டெட் என்ற வேளாண் ஆய்வு நிறுவனம். 1968 முதல் நாடு முழுவதும் அவர்களின் பொறிகள் எரிகின்றன. அந்தக் கணக்கு இருந்ததால்தான் பிரிட்டனின் பெரிய அந்துப்பூச்சிகள் 2017க்குள் 33 சதவீதம் குறைந்துவிட்டன என்று 2021இல் சொல்ல முடிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு மரம் தெரியும். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் கணக்கு அதில் வராது. அதனால் நான் பிடிப்பதைக் கணக்கு எழுதாமல் விட்டதில்லை. எழுதாமல் வெறுமனே பிடிப்பவருக்கு உங்கள் கேள்வி அப்படியே பொருந்தும்.

கழிமுகம்

அந்தியில் விடுவதும் துணி மூடுவதும் எனக்குச் சரியாகப் படுகிறது. தொடர்ந்த இரவுகளில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் இந்த இழையைப் படிக்கும் எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஓக்மரத்தடி

முழுக்க ஏற்கிறேன்.

பறவைக்காரர் இந்தப் பூச்சிகளைக் கவனிக்க வேண்டியதற்கு இன்னும் அழுத்தமான காரணம் ஒன்று இருக்கிறது. கிரேட் டிட் என்ற சிறு பறவையின் குஞ்சுகள் வளர்வது புழுக்களால். விண்டர் மாத் முட்டை ஓக் துளிர்க்கும்போது பொரிகிறது, ஏனென்றால் அந்தப் புழுவால் இளந்துளிரைத்தான் மெல்ல முடியும். சில வாரம் தின்று கொழுத்தபின் நூலில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். பிறகு மரத்தில் தீனி இல்லை. டிட் பறவை நாளுக்கு ஒரு முட்டையாக எட்டு, ஒன்பது முட்டை இட்டு, இரண்டு வாரம் அடைகாத்து, குஞ்சு பொரித்து, அவை பசியின் உச்சத்தில் இருக்கும் நாள் புழு கொழுத்திருக்கும் நாளாக அமைய வேண்டும். அதாவது ஏப்ரலில் முதல் முட்டை இடும்போதே ஒரு மாதத்துக்கு முன்கூட்டி முடிவு செய்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தம் காட்டில் 1947 முதல் இந்தப் பறவைகளை விடாமல் பதிவு செய்துவருகிறார்கள். வசந்தம் வெப்பமாகிக்கொண்டே வந்ததால் அங்கே கிரேட் டிட் இப்போது சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே முட்டையிடுகிறது. வருடம் முழுக்க அங்கேயே இருப்பதால் அதனால் காட்டைப் பார்த்து நாளை மாற்றிக்கொள்ள முடிந்தது.

பைட் ஃபிளைகேச்சர் என்ற வலசைப் பறவைக்கு அந்த வசதி இல்லை. குளிர்காலத்தில் அது மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஓக் துளிர்த்துவிட்டது என்று அங்கே அதற்கு எப்படித் தெரியும்? பகல் நீளத்தை வைத்துக் கிளம்புகிறது. நெதர்லாந்தில் புழுக்கள் மிக முன்னதாக உச்சத்துக்கு வரும் காடுகளில் இந்தப் பறவை இருபது ஆண்டுக்குள் 90 சதவீதம் அளவுக்குக் குறைந்துபோனது என்று 2006இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். பறவை சரியான நாளில் வந்து சேர்ந்தாலும் புழு அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டால் குஞ்சுக்கு உணவில்லை. இதைப் படித்த நாளிலிருந்து என் குறிப்பேட்டில் ஓக் எப்போது துளிர்த்தது என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தெற்குக்காற்று

இந்த இழையில் நான் ஸ்பெயினைக் கொண்டுவருகிறேன். மார்ச், ஏப்ரலில் பறவையும் பூச்சியும் சேர்த்துப் பார்க்க ஐரோப்பாவில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஜிப்ரால்டர் நீரிணை மிகக் குறுகிய இடத்தில் 14 கிலோமீட்டர்தான். செங்கால் நாரையும் கழுகும் பருந்தும் கடலுக்கு மேல் வெப்பக்காற்று கிடைக்காது என்பதால் இந்தக் குறுகல் வழியாகத்தான் ஆப்பிரிக்காவிலிருந்து கடக்கும். மார்ச்சில் கரும்பருந்து கூட்டம் கூட்டமாக வரும். எங்கே நிற்பது என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். மேற்கிலிருந்து அடித்தால் பறவைகள் கிழக்கே ஒதுங்கி ஜிப்ரால்டர் பாறைப் பக்கம் ஏறும். லெவாந்தே என்கிற கிழக்குக் காற்று அடித்தால் மேற்கே ஒதுங்கித் தரிஃபா என்ற ஊர்ப் பக்கம் வரும். காலையில் எழுந்ததும் முதலில் காற்றைப் பாருங்கள், பிறகு வண்டியை எடுங்கள்.

அங்கே அந்துப்பூச்சியையும் பறவையையும் சேர்த்துக் காட்டும் உயிர் பைன் ஊர்வலப் பூச்சியின் புழு. குளிர்காலம் முழுக்கப் பைன் கிளைகளில் வெள்ளைப் பட்டுக்கூட்டுக்குள் இருந்துவிட்டு, வசந்தத் தொடக்கத்தில் ஒன்றன் வால் மேல் ஒன்று தலை வைத்து வரிசையாகத் தரையில் ஊர்ந்து மண்ணுக்குள் போகும். தொடவே கூடாது. நுண்மயிர் தோலிலும் கண்ணிலும் கடுமையாக அரிக்கும், நாய் முகர்ந்தால் நாக்கே அழுகிப்போகலாம். கிட்டத்தட்ட எல்லாப் பறவையும் ஒதுங்கும் இந்தப் புழுவைக் கிரேட் ஸ்பாட்டட் குக்கூ என்ற குயில் வகை விரும்பித் தின்னும். பிப்ரவரி, மார்ச்சிலேயே அது ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிவிடும், மற்ற கோடைப் பறவைகள் வருவதற்கு வெகு முன்னதாக. மேற்கு ஸ்பெயினின் எக்ஸ்ட்ரெமதுரா பக்கம் மாக்பை கூடுகளைச் சுற்றி அதன் கரகரத்த குரல் கேட்கும். மாக்பையின் கூட்டில்தான் முட்டையிடும். மண்ணுக்குள் போன கூட்டுப்புழுவைக் கொண்டலாத்தி தன் நீண்ட அலகால் தோண்டி எடுக்கும். பைன் தோப்பின் அடியில் கொண்டலாத்தி குத்திக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள், என்ன எடுக்கிறது என்று.

புதுப்பறவை

தெற்குக்காற்று அக்கா, ஸ்பெயினுக்குப் பொறியை எடுத்துப்போகலாமா? பச்சையாக நீண்ட வால் வைத்த அந்துப்பூச்சி அங்கே உண்டு என்று படம் பார்த்தேன்.

தெற்குக்காற்று

நீங்கள் பார்த்தது கிராயெல்சியா இசபெல்லே. 1849இல் கிராயெல்ஸ் என்ற இயற்கையாளர் விவரித்து, அரசி இரண்டாம் இசபெல்லின் பெயரை வைத்தார். மத்திய ஸ்பெயின் மலைகளிலும் பைரினீஸிலும் பைன் காடுகளில் வாழ்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை பறக்கும், மலையில் குளிர் இருந்தால் இன்னும் தாமதம். மார்ச் பயணத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட இனம், பிடிக்கவே கூடாது.

பொறி விஷயத்தில் அனுமதிதான் முதல் வேலை. ஸ்பெயினில் ஒவ்வொரு தன்னாட்சிப் பகுதி அரசும் தனியே இதை நிர்வகிக்கிறது. இயற்கைப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் விளக்கு வைக்கக் கூடாது. பயணத்துக்குப் பல வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பெரிய பெட்டியைச் சுமக்க வேண்டியதில்லை. பவர்பேங்கில் ஓடும் சிறிய எல்இடி விளக்குகள் வந்துவிட்டன, ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி அதன் முன் தொங்கவிட்டால் போதும். பூச்சி துணியில் உட்காரும், படம் எடுத்தபின் விளக்கை அணைத்தால் தானாகப் போய்விடும். கழிமுகம் சொன்ன சிக்கல்கூட இதில் பெரும்பாலும் இல்லை.

அனுமதி கிடைக்காவிட்டாலும் வருத்தப்பட வேண்டாம். தங்கும் இடத்தின் வெளிவிளக்குச் சுவரை விடியும் முன் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். பகலில் பூச்செடிகளில் ஹம்மிங்பேர்டு ஹாக்மாத் என்ற பகல் அந்துப்பூச்சி வரும், மார்ச்சிலேயே.

கழிமுகம்

சுவரைப் பார்ப்பது எனக்கும் ஒத்துவரும். ஒரு கேள்வி. தென்காற்றில் பூச்சியும் பறவையும் ஒன்றாக வரும் என்று ஓக்மரத்தடி சொன்னாரே, எந்த அறிகுறியைப் பார்த்து அன்றைக்குக் கடற்கரைக்குப் போக வேண்டும்?

ஓக்மரத்தடி

வானிலை வரைபடத்தில் ஐபீரியாவிலிருந்து (ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம்) நேராகத் தென் இங்கிலாந்து வரை தெற்கு அல்லது தென்கிழக்குக் காற்று இருக்க வேண்டும், அது ஓரிரண்டு நாள் நீடிக்க வேண்டும். சில சமயம் கார்க் கண்ணாடியில் சகாராவின் செம்மண் தூசு படிந்திருக்கும். அன்றைக்கு ராத்திரியே பொறி வையுங்கள். ரஷ் வெனீர், வெஸ்டல், ஸ்மால் மாட்டில்ட் வில்லோ மாதிரி வலசைப் பூச்சிகள் மார்ச்சிலும் வரக்கூடும். அதே காற்றில் தெற்கு ஐரோப்பாவில் நிற்க வேண்டிய கொண்டலாத்தி இடம் தாண்டி இங்கே வந்து இறங்கும். தென்கடற்கரைப் புல்வெளிகளில் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் தேடிப் பாருங்கள். பறவைக்கு இன்னொரு விதி: ராத்திரி தென்காற்று அடித்து விடியலில் மழையோ மூடுபனியோ வந்தால், கடந்துபோக வேண்டிய வீட்டியர் என்ற சிறு வலசைப் பறவையும் சிஃப்சாஃபும் கரையிலேயே இறங்கிவிடும். வானம் தெளிவாக இருந்தால் மேலேயே தாண்டிப் போய்விடும், நமக்கு ஒன்றும் தெரியாது.

வீட்டியர் வந்தால் ஒரு நிமிடம் கூடுதலாகப் பாருங்கள். 25 கிராம் எடை. இதே இனத்தின் அலாஸ்கா கூட்டம் குளிர்காலத்துக்குக் கிழக்கு ஆப்பிரிக்கா போகிறது, ஒரு வழிக்கு சுமார் 14,500 கிலோமீட்டர். போகும் வழியைப் பதியும் குட்டிக் கருவியை முதுகில் கட்டி அனுப்பி 2012இல் கண்டறிந்தார்கள்.

புதுப்பறவை

இந்த வாரக் கடைசியில் தென்மேற்குக் காற்று, மேகம், 9 டிகிரி என்று போட்டிருக்கிறார்கள். ஆக்டினிக் விளக்கோடு ஸ்கின்னர் ஒன்றை இரவல் வாங்கியிருக்கிறேன். என்னென்ன எழுத வேண்டும்?

வாசல்விளக்கு

வையுங்கள் தம்பி. தேதி, இடம், விளக்கின் வகை, இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, காற்றுத் திசை, ஒவ்வொரு இனத்திலும் எத்தனை. எதுவுமே வராத இரவையும் சுழியம் என்று எழுதுங்கள், அதுவும் தகவல்தான். உறுதியாகத் தெரியாததற்குப் பெயர் வைக்காமல் படம் எடுத்து வையுங்கள். பிறகு உங்கள் கவுன்டியின் (மாவட்டத்தின்) அந்துப்பூச்சிப் பதிவாளருக்கு அனுப்பினால் அவர் சரிபார்த்து தேசியப் பதிவில் சேர்ப்பார். தோட்டத்தில் தொடர்ந்து செய்ய விருப்பம் இருந்தால் கார்டன் மாத் ஸ்கீமில் சேரலாம். மார்ச் தொடக்கம் முதல் நவம்பர் வரை வாரம் ஒரு இரவு, அவ்வளவுதான் அவர்கள் கேட்பது. விடியலில் எந்தப் பறவை பாடியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். படங்களை இங்கேயே போடுங்கள், கிளவுடட் டிராப் என்று சந்தேகப்படுகிறவற்றை முதலில்.